தட்டு பார்த்த பெண்கள்

விருத்தாசலம் பீங்கான் ஊர். அகல்விளக்கு, கொலு பொம்மை என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரியும். ஆனால் இங்குள்ள சூளைகளில் வெந்து வெளியே போனவற்றில் ஃப்யூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் உண்டு. நம் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பீங்கான் துண்டுக்கு ஒரே ஒரு வேலைதான். மின்சாரம் கசிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. அதை அச்சில் அழுத்தி, பிசிறு தேய்த்து, வெயிலில் காயவைத்துச் சூளைக்கு அனுப்பியவர்களில் பெண்கள் ஏராளம்.

அந்தக் கசிவைப் பற்றிய கேள்வியிலிருந்துதான் நான் சொல்ல வந்த வரலாறும் தொடங்குகிறது. மின்னேற்றிய ஒரு பொருளை எவ்வளவு நல்ல மின்காப்பின் மேல் வைத்தாலும் அதன் மின்னூட்டம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகிறது. 1785இல் பிரான்சின் கூலோம் இதைக் கவனித்து எழுதிவைத்தார். காப்பில் குறையில்லை என்றால் காற்று வழியாகப் போகிறதா? காற்றை மின்கடத்தியாக்குவது எது? தரையிலுள்ள கதிரியக்கம்தான் காரணம் என்று நூறாண்டுகளுக்குப் பிறகு நம்பினார்கள். அப்படியானால் தரையை விட்டு மேலே போகப்போகக் கசிவு குறைய வேண்டும். தியோடர் வுல்ஃப் என்ற பாதிரியார் 1910இல் ஈஃபில் கோபுரத்தின் உச்சிக்குக் கருவியைக் கொண்டுபோனார். எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. 1912 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேலே போனார். அங்கே கசிவு தரையில் இருந்ததைவிட மிகுதி. கதிர் மேலிருந்துதான் வருகிறது என்று உறுதியானது. அண்டக்கதிர் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். 1936இல் ஹெஸ்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை எல்லாரும் ஆண்கள். பாடப்புத்தகம் இத்தோடு நிறுத்திக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். நாம் நிறுத்த வேண்டாம்.

வெளியிலிருந்து வரும் கதிர், பெரும்பாலும் புரோட்டான், காற்று மண்டலத்தின் மேற்பகுதியில் மோதி உடைகிறது. உடைந்ததிலிருந்து பயான் என்ற துகள் பிறக்கிறது. அது கண நேரத்தில் சிதைந்து மியூவான் ஆகிறது. மியூவானை எலெக்ட்ரானின் கனத்த அக்கா என்று சொல்லலாம். எடை ஏறத்தாழ 207 மடங்கு. அதன் ஆயுள் ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கும் கொஞ்சமும். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்த ஆயுளுக்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது தரைக்கு வந்து சேர்கிறது. வேகமாக ஓடுகிறவருக்குக் காலம் மெதுவாகக் கழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதற்கு அன்றாடச் சாட்சி இது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மியூவான்கள் நம்மீது இறங்கிக்கொண்டிருக்கின்றன. இதைப் படிக்கும்போது உங்கள் உள்ளங்கை வழியாக விநாடிக்கு ஒன்று போல ஊடுருவிப் போகிறது. சாதி கேட்காது, கதவைத் தட்டாது.

கண்ணுக்குத் தெரியாத இதை எப்படிப் பிடிப்பது? ஒரு வழி, புகைப்படத் தட்டு. கண்ணாடியின் மேல் வெள்ளி உப்பு கலந்த பசையைப் பூசிய தட்டு. மின்னூட்டமுள்ள துகள் அதன் வழியாக ஓடினால், கழுவிப் பார்க்கும்போது கறுப்புப் புள்ளிகளாக ஒரு கோடு தெரியும். தட்டை மலைமேல் கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்துவிட்டு, எடுத்துவந்து கழுவி, நுண்ணோக்கியின் கீழ் அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். கண் எரியும், கழுத்து நோகும். பார்ப்பவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். அதனாலேயே இந்த வேலை பெண்களின் கைக்கு வந்தது. பெண்ணின் பொறுமையைப் புகழ்கிற வாயே அவளுக்குக் குறைந்த சம்பளம் போதும் என்றும் சொல்லும். இந்த ஊர்ப் பீங்கான் பட்டறைகளிலும், திருப்பூர்ப் பின்னலாடையிலும், சிவகாசித் தீப்பெட்டியிலும் நாம் கேட்காத பேச்சா?

இந்தத் தட்டு முறையை வளர்த்தெடுத்தவர் வியன்னாவின் மரியட்டா பிளாவ். 1894இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ரேடிய ஆய்வு நிறுவனத்தில் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் வேலை செய்தார். நிலையான பதவி கேட்டபோது, பெண்ணாகவும் இருந்து யூதராகவும் இருப்பது அளவுக்கு மிஞ்சியது என்ற பொருளில் பதில் வந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்கிறார்கள். 1937இல் அவரும் ஹெர்த்தா வாம்பாஹரும் 2,300 மீட்டர் உயர மலையில் வைத்திருந்த தட்டுகளில், ஒரு புள்ளியிலிருந்து பல கோடுகள் நட்சத்திரம்போல் சிதறியிருப்பதைக் கண்டார்கள். அண்டக்கதிர் ஓர் அணுக்கருவை உடைத்த தடம் அது. மறு ஆண்டு ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. பிளாவ் நாட்டைவிட்டு ஓடினார். ஐன்ஸ்டைனின் பரிந்துரையால் மெக்சிகோவில் வேலை கிடைத்தது. கூட வேலை செய்த வாம்பாஹர் நாஜிக் கட்சி உறுப்பினர். பெண்கள் எல்லாரும் பெண்கள் என்பதாலேயே ஒரு பக்கம் நிற்பார்கள் என்று நம்பும் நம்மில் சிலருக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

அந்த நட்சத்திரத் தடங்களைப் பற்றிய செய்தி 1938இல் கல்கத்தா அறிவியல் மாநாட்டுக்கு வந்தவர்கள் வழியாகத் தேபேந்திர மோகன் போஸின் காதுக்கு எட்டியது. அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்தவர் பிபா சௌத்ரி.

பிபாவைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1913இல் பிறந்தார். அப்பா மருத்துவர், அம்மாவின் பக்கம் பிரம்ம சமாஜக் குடும்பம். பெண்களைப் படிக்கவைப்பது அந்த வீட்டில் வழக்கமாக இருந்தது. 1936இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை முடித்தபோது அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். ஆய்வுக்குப் போனபோது, பெண்ணுக்குக் கொடுக்கத் தகுந்த தலைப்பு தன்னிடம் இல்லை என்று போஸ் தயங்கியதாகச் சொல்லப்படுகிறது. பிபா விடவில்லை. தார்ஜிலிங்கில் 7,000 அடி, சந்தக்பூவில் 12,000 அடி என்று இமயமலைச் சரிவுகளில் தட்டுகளை வைத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் நுண்ணோக்கி. ஒரு கோட்டில் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன, கோடு எவ்வளவு வளைந்து நெளிகிறது என்பதை அளந்து, அந்தத் துகளின் எடை எலெக்ட்ரானைப்போல ஏறத்தாழ 200 மடங்கு என்று கணக்கிட்டார்கள். 1940களின் தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரைகள் வந்தன. அப்போது பிபாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவர்களிடம் இருந்தவை பாதித்தரப் பூச்சுள்ள தட்டுகள். மேலான தட்டுகள் போர்க்காலத்தில் கல்கத்தாவுக்குக் கிடைக்கவில்லை. போர் முடிந்தபின், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் செசில் பவலின் குழு வெள்ளி அடர்ந்த புதிய தட்டுகளை வைத்து அதே முறையில் தேடி, 1947இல் பயான் வேறு, மியூவான் வேறு, முதலாவது சிதைந்துதான் இரண்டாவது பிறக்கிறது என்று காட்டியது. 1950இல் பவலுக்கு நோபல். தட்டில் எடையை அளக்க முடியும் என்று போஸும் சௌத்ரியும் முன்பே சுட்டிக்காட்டியதைப் பின்னாளில் பவலே தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

பிபாவிடமிருந்து நோபலைப் பறித்துவிட்டார்கள் என்று ஒரு கதை இப்போது இணையத்தில் சுற்றுகிறது. மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் எனக்கும் வந்து சேரும். எனக்கு அந்தக் கதையில் உடன்பாடில்லை. கல்கத்தாத் தட்டுகளில் பயானும் மியூவானும் கலந்தே விழுந்திருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துக்காட்ட அந்தப் பூச்சால் முடியாது. ஆகவே அவர்கள் பயானைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கண்டுபிடிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். நல்ல தட்டு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது ஏக்கம். அதை வரலாறாக எழுதக் கூடாது. வரலாற்றின் கேள்வி வேறு. ஒரு காலனி நாட்டின் சோதனைக்கூடத்துக்கு நல்ல தட்டு ஏன் வரவில்லை? அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் உழைத்த பெண்ணின் பெயர் ஏன் நம் காதுக்கு வரவில்லை?

1945இல் பிபா மான்செஸ்டர் போனார். பிளாக்கெட்டின் சோதனைக்கூடத்தில் அண்டக்கதிர்ப் பொழிவுகளை ஆராய்ந்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு அளித்தார். உள்ளூர்ச் செய்தித்தாள் அவரைப் பேட்டி கண்டு வெளியிட்டது. இயற்பியலுக்கு வரும் பெண்கள் இவ்வளவு குறைவாக இருக்கிறார்களே என்று அதில் அவர் வருந்தியிருக்கிறார். 1949இல் ஹோமி பாபா அவரை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டார். அங்கே சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர் அவர். 1957இல் அங்கிருந்து விலகினார். பிறகு அகமதாபாத்தில், பிறகு கல்கத்தாவில். 1991இல் இறக்கும்வரை ஆய்வைக் கைவிடவில்லை. நாட்டின் பெரிய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தியப் பெண் விஞ்ஞானிகள் ஏறத்தாழ நூறு பேரைப் பற்றி 2008இல் வந்த ‘லீலாவதியின் மகள்கள்’ தொகுப்பில்கூட அவர் இல்லை. அந்தத் தொகுப்பு நம் தோழிகளில் பலர் கொண்டாடிய நல்ல முயற்சி, ரோகிணி காட்போலே போன்றவர்கள் அக்கறையோடு உருவாக்கியது. அதிலும் விட்டுப்போகும் அளவுக்கு மறதி ஆழமாக இருந்தது. 2018இல் ராஜிந்தர் சிங்கும் சுப்ரகாஷ் ராயும் எழுதிய வரலாறு வந்த பிறகுதான் பெயர் வெளியே வந்தது. 2019இல் ஒரு விண்மீனுக்குப் ‘பிபா’ என்று பெயர் சூட்டினார்கள். அது வெறுங்கண்ணுக்குத் தெரியாத விண்மீன்.

பிரிஸ்டலுக்குத் திரும்புவோம். அங்கே பவலின் குழுவில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தவர்கள் பெண்கள். அவர்கள் இயற்பியல் படித்தவர்கள் அல்லர், பழக்கி எடுத்தார்கள். ஒரு கோடு வந்து நின்று, நின்ற இடத்திலிருந்து இன்னொரு கோடு கிளம்பும் அந்த முதல் தடத்தை 1947இல் கண்டவர் மரியட்டா குர்ஸ் என்ற பெண். இரண்டாவதைக் கண்டவர் ஐரீன் ராபர்ட்ஸ். பவலிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. வெளியிட்ட படங்களுக்குக் கீழே, தடத்தைக் கண்டவரின் பெயரை அச்சிட்டுவிடுவார்கள். பெயர் கட்டுரையின் தலைப்பில் இல்லை, படத்தின் அடியில். அதுவாவது இருந்ததால்தான் இன்று குர்ஸின் பெயரை நான் எழுத முடிகிறது.

நம் பக்கம் வருவோம். அண்டக்கதிர் ஆய்வு மலைக்குப் போனதுபோலவே சுரங்கத்துக்குள்ளும் போனது. மியூவான் எவ்வளவு ஆழம்வரை துளைத்துப் போகிறது என்று பார்ப்பதற்கு. 1950களின் தொடக்கத்தில் பி.வி. ஸ்ரீகண்டன் கோலார் தங்கவயலில் கருவிகளை இறக்கினார். 1960களில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே மியூவான்கள் அற்றுப்போகும் ஆழம்வரை அளந்தார்கள். அந்த அமைதியில்தான், 1965இல், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் முதன்முதலாகச் சிக்கியது. டாட்டா நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹமும் சேர்ந்து செய்த சோதனை. பிபாவும் அகமதாபாத்தில் இருந்த காலத்தில் கோலார் ஆய்வுகளில் பங்கேற்றார்.

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருந்தாலும் அதைத் தோண்டியது தமிழ் உழைப்பு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் போன தலித் குடும்பங்கள். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த மாரிக்குப்பத்தின் காலடியில்தான் இந்தக் கருவிகள் இருந்தன. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலைக்கு அமர்த்தத் தடை விதித்தது. 2019 வரை அதில் தளர்வு இல்லை. ஆக, இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற இயற்பியல் சோதனைகளில் ஒன்று, பெண்ணை வேலைக்கு இறக்கச் சட்டம் இடம்தராத ஓரிடத்தில் நடந்தது. மேலே இருந்த பெண்கள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே போன ஆண்கள் கல்தூளை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்து இருமியதை. சிலிக்கோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். குவார்ட்ஸ் பாறையை உடைக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து வடுவாகிவிடும், மருந்தில்லை.

சிலிக்கா என்றதும் என் ஊர்க்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பீங்கானுக்குக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் வேண்டும். குவார்ட்ஸ் என்பது சிலிக்காதான். காய்ந்த துண்டின் பிசிறைத் தேய்க்கும்போது எழும் வெள்ளைத் தூளை முந்தானையால் மூடிக்கொண்டு வேலை செய்யும் பெண்களை இங்கே பார்க்கலாம். அதே சிலிக்காவை உலையில் கரியோடு சேர்த்து உருக்கி ஆக்சிஜனை நீக்கினால் கிடைப்பது சிலிக்கான். அதைப் பலமுறை தூய்மை செய்து, மெல்லிய வில்லைகளாக அறுத்துச் செய்வதுதான் செல்பேசிச் சில்லும், நான் அடுத்துச் சொல்லப்போகும் ஒளி உணர்வியும்.

தட்டுகளின் காலம் முடிந்தபின் வந்தவை சிண்டிலேட்டர்கள். துகள் ஊடுருவும்போது கண நேரம் மினுங்கும் ஒருவகைப் பிளாஸ்டிக். மினுக்கம் அவ்வளவு மங்கல், மின்மினி அதன் முன்னால் சூரியன். அதைப் பிடிக்க முன்பெல்லாம் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டிய கண்ணாடிக் குழாய் வேண்டும். விலை அதிகம், கைதவறினால் உடையும், தொட்டால் ஆபத்து. இப்போது அந்த இடத்துக்குச் சிலிக்கான் ஒளிப்பெருக்கி வந்துவிட்டது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு சில்லு, அதற்குள் ஆயிரக்கணக்கான நுண்ணறைகள். ஓர் அறைக்குள் ஒரே ஓர் ஒளித்துகள் விழுந்தால் போதும், ஒரு எலெக்ட்ரான் கிளம்பி இன்னொன்றை இடித்து, அது இன்னொன்றை இடித்து, திரியில் தீ வைத்த சரவெடிபோல லட்சக்கணக்கில் பெருகும். எத்தனை அறைகள் வெடித்தன என்று எண்ணினால் எத்தனை ஒளித்துகள் வந்தன என்று தெரிந்துவிடும். இதற்கு முப்பது வோல்ட் போதும், வகைக்கு ஏற்ப ஐம்பத்தைந்து வரை.

முப்பது வோல்ட் என்றால் மேசைமேல் வைத்து மாணவி ஒருத்தி தானே இணைக்கலாம், யாரும் பக்கத்தில் நின்று அதட்ட வேண்டியதில்லை. 2017இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்பென்சர் அக்சானி என்ற ஆய்வு மாணவரும் அவருடைய வழிகாட்டி ஜேனட் கான்ராடும் இப்படி ஒரு மேசை மியூவான் கருவியை வடிவமைத்துச் செய்முறையை வெளியிட்டார்கள். போலந்தின் கத்தார்சினா ஃபிராங்கியேவிச் அதன் உருவாக்கத்தில் பங்காளி. ஐந்து சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக், அதன்மேல் ஒட்டிய ஒரு சிலிக்கான் சில்லு, ஆர்டுயினோ பலகை, சிறிய திரை. செலவு நூறு டாலர் அளவுக்குள். பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் செய்து பார்க்கட்டும் என்றுதான் அப்படித் திட்டமிட்டார்கள். பல நாடுகளில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதை வைத்து என்ன செய்யலாம்? ஒரு கருவியை மட்டும் வைத்தால் சுற்றியுள்ள கல், மண்ணின் கதிரியக்கத்தையும் சேர்த்தே எண்ணும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டும் ஒரே கணத்தில் மினுங்கினால் மட்டும் எண்ணச் சொன்னால், இரண்டையும் துளைத்துப் போன மியூவான்கள் தனியே கிடைக்கும். அடுக்கைச் சாய்த்து வைத்தால் எண்ணிக்கை குறையும். 45 பாகையில் ஏறத்தாழ பாதி, 60இல் கால். சாய்ந்து வருகிறவை அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டும் என்பதால். மொட்டை மாடியிலும் தரைத்தளத்திலும் எண்ணிப் பார்த்தால் கான்கிரீட் எத்தனையைத் தடுத்தது என்று தெரியும். ஊட்டிக்குக் கொண்டுபோனால் எண்ணிக்கை கூடும். கல்லூரிச் சுற்றுலாவுக்கு ஊட்டி போகிற பிள்ளைகள் தாவரவியல் பூங்காவோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கேயே 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் 3,712 எண்ணுகுழாய்களை வைத்து நாளொன்றுக்கு நானூறு கோடி அளவில் மியூவான்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பரில் வந்த ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மேகம் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை சற்றுக் குறைந்ததை வைத்தே கணக்கிட்டார்கள். 2019இல் உலகமே அதைப் பேசியது.

எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் யாரும் அறியாத ஒரு வெற்றிடம் இருப்பதை 2017இல் மியூவான்கள் காட்டிக்கொடுத்தன. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப நம்ம பழமலையக் கண்டுபிடிக்கலாமா மேடம்?” எங்கள் ஊருக்குத் திருமுதுகுன்றம் என்று பழம்பெயர். பெயரில் மலை இருக்கிறது, ஊரில் மலையைக் காணோம்; பூமிக்குள் அழுந்திவிட்டது என்பார்கள் பெரியவர்கள். மியூவான் மேலிருந்து கீழே வருகிறது, ஆகவே கருவியை மலைக்கும் அடியில் புதைத்தால்தான் முடியும் என்றேன். “அப்ப நாம தோண்டணும்” என்றாள். தோண்டுகிற வேலை நமக்கு வந்துவிடுகிறது பாருங்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் சிலிக்கான் சில்லுகள் பெருமளவில் சோதிக்கப்படும் இடம் மதுரை. இந்திய நியூட்ரினோ ஆய்வுத் திட்டத்துக்காக அங்கே 85 டன் எடையில் காந்தமாக்கிய இரும்பு அடுக்குக் கருவியொன்று, கருதிய பெருங்கருவியின் சிறு மாதிரியாக, நிறுவப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி 700க்கும் மேற்பட்ட சிண்டிலேட்டர் பட்டைகளும் ஏறத்தாழ 3,000 சிலிக்கான் ஒளிப்பெருக்கிகளும் கொண்டு ஒரு வேலி. வருகிற மியூவான்களில் பத்தாயிரத்துக்கு ஒன்றுகூடத் தப்பாமல் அடையாளம் காண வேண்டும் என்பது இலக்கு. ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். வெப்பம் பத்து பாகை கூடினால் இவற்றின் பொய் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகும். மதுரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வு மாணவர்கள், பெண்களும் ஆண்களும், இந்த வேலையில் கைபழகுகிறார்கள். நுண்ணோக்கியில் தட்டு பார்த்தவர்களின் வேலைக்கு மிக நெருங்கிய வேலை இது. பொறுமையாக, ஒவ்வொன்றாக.

மதுரையைச் சொல்லிவிட்டுத் தேனியைச் சொல்லாமல் போக முடியாது. உண்மையான பெருங்கருவி வர வேண்டிய இடம் பொட்டிப்புரம் அருகே அம்பரப்பர் மலையின் அடியில். 2015 ஜனவரியில் மத்திய அரசு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஊர்மக்களும் சூழலியல் அமைப்புகளும் எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன. புலிகளின் வழித்தடம் என்பதைச் சுட்டி, அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நியூட்ரினோவால் ஆபத்து என்று மேடைகளில் பேசப்பட்டவற்றில் பல அறிவியலுக்குப் பொருந்தாதவை. நியூட்ரினோ நாம் பிறந்த நாள்முதல் நம் உடம்பின் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் ஆடு மேய்க்கும் மலையில் சுரங்கம் குடைந்து வெடிவைப்பார்கள், தண்ணீர் என்ன ஆகும், மேய்ச்சல் என்ன ஆகும் என்று பெண்கள் கேட்டது நியூட்ரினோவைப் பற்றிய கேள்வி இல்லை. அதற்கு நியூட்ரினோ விளக்கம் தந்தது தவறான விடை. கோலாரில் யாரும் கேட்காமல் போன கேள்வி பொட்டிப்புரத்தில் கேட்கப்பட்டது என்றுதான் நான் பார்க்கிறேன். அறிவியலை நேசிக்கிற பெண்ணும் அந்தக் கேள்வியின் பக்கம் நிற்கலாம். அதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சின்னக் கருவிக்கே வருகிறேன். அதில் எனக்குப் பிடித்தது விலையைவிட வேறொன்று. எண்ணுவதற்கு நேரம் வேண்டும். நூறு எண்ணினால் பிழை பத்து விழுக்காடு. பத்தாயிரம் எண்ணினால் ஒரு விழுக்காடு. சாய்கோணத்தில் நிமிடத்துக்கு ஒன்றுகூட வராது, ஆகவே நம்பத்தகுந்த ஓர் எண்ணுக்கு நாள்கணக்கில் கருவி ஓட வேண்டும். நேரம்தான் நம் பெண்களிடம் இல்லாத பொருள். சோதனைக்கூடத்தை மாலை நாலரைக்குப் பூட்டுகிறார்கள். ஐந்து மணிப் பேருந்தை விட்டால் அடுத்ததற்கு இருட்டிவிடும், விடுதியில் ஆறு மணிக்குக் கதவு சாத்துவார்கள். ‘இரவு முழுக்க லேபில் இருந்தேன்’ என்று ஆண் விஞ்ஞானிகள் பெருமையாக எழுதும் நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம், வீட்டில் யார் சோறு வைத்திருந்தார்கள் என்று யோசிப்பேன். அன்னா மணி 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பியபோது, முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் காட்டி முனைவர் பட்டத்தை மறுத்தார்கள். செய்த ஆய்வு கையில் இருந்தும் பட்டம் கிடைக்கவில்லை. இன்றைய பிள்ளைகளுக்குப் பட்டம் கிடைக்கிறது. ஆய்வு செய்ய இரவு கிடைப்பதில்லை.

இந்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். செல்பேசிக்கு வைத்திருக்கும் பவர் பேங்க் போதும், விடுதி அலமாரியில் ஓடும். அவள் தூங்கினாலும், அம்மாவோடு அகல் வண்ணம் தீட்டினாலும், அது எண்ணிக்கொண்டிருக்கும். சந்தக்பூவில் பிபா விட்டுவந்த தட்டும் அப்படித்தான், அவர் இல்லாத நேரத்தில் அவருக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது.

தடை இல்லாமல் இல்லை. சில்லு இறக்குமதியாக வேண்டும், சுங்கமும் தபால் செலவும் சேர்ந்து விலை ஏறிவிடும். அரசுக் கல்லூரியில் அந்தக் கோப்பு மேசைக்கு மேசை நகர ஒரு பருவம் ஆகும். செய்முறை விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுத நானும் ஓர் இயற்பியல் ஆசிரியையும் உட்கார்ந்திருக்கிறோம். ‘டார்க் கவுண்ட்’டுக்குத் தமிழில் என்ன என்பதிலேயே மூன்று நாள் போயிற்று. ஒளியே இல்லாதபோது சூட்டினால் சில்லு தானாக வெடித்துக் காட்டும் பொய் எண்ணிக்கை அது. ‘இருட்டு எண்ணம்’ என்றேன் நான். எண்ணம் என்றால் கணக்கும்தான், நினைப்பும்தான். இயற்பியல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் படித்தால் பிள்ளைகள் கவிதை எழுதக் கிளம்பிவிடுவார்கள் மேடம் என்றார். ‘இருள் எண்ணிக்கை’ என்று முடிவு செய்தோம்.

இன்னொன்றையும் அந்த விளக்கத்தில் சேர்க்கப் போகிறோம். நம் கல்லூரிகளில் செய்முறை வகுப்பில் மூன்று நான்கு பேராகக் குழு பிரிப்பார்கள். ஆண்கள் ஒயரையும் அலைவரைவியையும் எடுத்துக்கொள்வார்கள், பெண்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ரெக்கார்டு நோட்டை அவர்கள் பக்கம் தள்ளுவார்கள். மகளிர் கல்லூரியில்கூட, கருவியைத் தொடும் ஒருத்தியும் எழுதும் மூவரும் என்று பிரிந்துவிடுகிறது. அதனால் அட்டவணையில் தேதி, இடம், கோணம், வெப்பநிலை, எண்ணிக்கை ஆகிய கட்டங்களுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக வரைந்திருக்கிறோம். ஒன்று, கருவியை இணைத்தவர் பெயர். மற்றது, எண்ணிக்கையைப் படித்தவர் பெயர். ஒவ்வொரு வரிசையிலும் பெயர் மாறி மாறி வர வேண்டும். முதலெழுத்து மட்டும் போட்டால் போதாது, முழுப்பெயர் எழுத வேண்டும் என்று அடிக்குறிப்பும் போட்டாயிற்று.